சுறாப்புட்டு செய்த சனிக்கிழமை

அன்பு மகள் ரோஜாவுக்கு, கிளியனூரிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் தங்கை கலைப்பிரியாவும் அவள் பெற்ற பிள்ளையும் உயிரோடு நலமாக இருக்கிறோம். அந்தத் தூரதேசத்தில் நீயும், நீ பார்த்துக்கொள்ளும் யூதக்கிழவி அம்மாளும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன்.

உன் அப்பா போன் பண்ணி, நான்தான் அவர் கையை உடைத்தேன் என்று அழுதாராமே. உண்மைதான் கண்ணு. ஆனால் மீதியை அவர் சொல்லியிருக்க மாட்டார். போனில் ஆரம்பித்தால் இரண்டு பேரும் அழுதே வைத்துவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் அந்தச் சபையில் சேர்ந்த பிறகு அவர் குடியை விட்டார் என்று நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன், உனக்கே தெரியும். மோசே சட்டத்தில் பன்றி தீட்டு என்றார், சரி என்று நிறுத்தினேன். செதிளும் துடுப்பும் இல்லாத மீன் ஆகாது என்றார், இறாலும் நண்டும் கெளுத்தியும் வாங்குவதை விட்டேன். ரத்தப்பொரியல் கூடாது என்றார், அதையும் விட்டேன். குடிக்காமல் வீட்டுக்கு வருகிற மனிதனுக்காக இதைக்கூட விடக்கூடாதா என்று நினைத்தேன். அப்புறம் பானை சட்டியை மோந்து பார்க்க ஆரம்பித்தார், பழைய மண்சட்டிகளையெல்லாம் என் கையாலேயே உடைக்க வைத்தார். பன்றி வளர்க்கிறான் என்று கூடப்பிறந்த தம்பி, உன் தேவா சித்தப்பாவை, பக்கத்து வீட்டிலேயே இருந்தும் வாசலில் ஏறவிடவில்லை. அப்போதும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கலைக்குப் பிள்ளை பிறந்து பால் சரியாகச் சுரக்கவில்லை. பிள்ளை உறிஞ்சி உறிஞ்சி வீறிட்டுக் கத்தும், இவளும் கூடவே அழுவாள். மரக்காணத்திலிருந்து மீன் கொண்டுவரும் லட்சுமியம்மாள் பார்த்துவிட்டு, பச்ச ஒடம்புக்காரிக்கு பால்சுறா ஆக்கிப் போடாம இன்னா பண்ணிக்கினு இருக்கே என்று என்னைத் திட்டினாள். சுறாவுக்கு இவர் சொல்லுகிற செதிள் கிடையாது. அவர் சபைக்குப் போகும் சனிக்கிழமையாகப் பார்த்து வாங்கி, வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டுப் புட்டு செய்தேன். கலை இரண்டு வாய்தான் வைத்திருப்பாள், அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார். வாசலிலேயே வாசனை பிடித்துவிட்டது. சூடாக இருந்த சட்டியை எட்டி உதைத்தார், என் கால் வெந்துபோனது. இன்னாடி துன்னே என்று கலையைக் கேட்டார். அவள் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, சொறா துன்னேன்பா, புள்ளைக்குப் பால் இல்லப்பா என்றாள். அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து, கக்குடி கக்குடி என்று தொண்டைக்குள் விரலை விட்டார். பிள்ளை மார்பில் இருந்தது ரோஜா. அது மடியிலிருந்து சரிந்து பாயில் விழுந்து கத்துகிறது, இவள் வாய் கிழிந்து ரத்தம் கொட்டுகிறது, அவர் விரலை எடுக்கவில்லை. நான் முதுகில் அடித்தேன், கடித்தேன், ஒரே உதறலில் என்னைச் சுவரில் மோதவைத்தார்.

சத்தம் கேட்டு தேவா ஓடிவந்தான். அண்ணே வுடுண்ணே, பச்ச ஒடம்புண்ணே என்று கெஞ்சிக்கொண்டேதான் வந்தான், அவன் கையில் ஒன்றுமில்லை. பன்னி மேய்க்கிற நாயி, என் ஊட்டுக்குள்ள வர்றியா என்று சுறா நறுக்கிய கத்தியை எடுத்து உன் அப்பா ஒரே வீச்சு. காதிலிருந்து கழுத்துவரை திறந்துகொண்டது. அவன் சுவரோடு சரிந்தான். ரத்தம் பட்டாலே தீட்டு என்ற மனிதர், தம்பி ரத்தத்தில் கால் வழுக்க நின்றுகொண்டு மறுபடியும் கத்தியை ஓங்கினார். என் கைக்கு அகப்பட்டது அம்மிக்குழவி. தூக்கி அவர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கத்தி விழுந்தது.

தேவாவை விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் பிழைக்க வைத்துவிட்டார்கள். ஒரு பக்கக் காது இனி கேட்காதாம். உன் அப்பாவைப் போலீஸ் பிடித்துப்போனது, சபைக்காரர்கள் ஜாமீனில் எடுத்து அங்கேயே தங்க வைத்திருக்கிறார்கள். சபைப் பெரியவர் சீனுவாசன் போன வாரம் வந்து, கேஸ வாபஸ் வாங்கிக்கங்கம்மா, ஊட்டச் சுத்தம் பண்ணி வெச்சா அவரு வந்துருவாரு என்றார். தரையில் தேவாவின் ரத்தக்கறை இன்னும் முழுசாகப் போகவில்லை. அதைக் காட்டி, நான் தேய்ச்சது போதும், மிச்சத்த நீங்க தேய்ங்க என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நீ சொன்னாயே, உன் கிழவி பால் பாத்திரத்தையும் கறி பாத்திரத்தையும் ஒன்றோடொன்று படவிடமாட்டாள், ஆனால் உபவாச நாளில் மயக்கம் வந்தபோது அவர்கள் குருவே, உயிர்தான் முதல், சாப்பிடு என்று சொன்னார் என்று. அந்தச் சட்டமும் மோசே கொடுத்ததுதானே. அவள் தன் வாயைத்தான் கட்டினாள், பக்கத்திலிருப்பவள் வாய்க்குள் கையை விடவில்லை. அதை நினைத்து நினைத்துத்தான் எனக்கு ஆறவே இல்லை.

தேவா, அண்ணன ஜெயிலுக்கு அனுப்பிட்டு நான் எப்டி அண்ணி சோறு துன்றது என்று தயங்குகிறான். கலைதான், தையல் போட்ட உதட்டோடு, நான் கோர்ட்ல சொல்றேம்மா என்றாள். பெங்களூரிலிருந்து வந்த அவள் புருஷன் குமரேசனும் கூட நிற்கிறேன் என்றான். பயத்தில் அடியோடு நின்றுபோன பால் இந்த வாரம்தான் திரும்பியிருக்கிறது. பிள்ளை வயிறு நிறைந்து ஏப்பம் விட்டுத் தூங்குகிறது.

நீ வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காலுறை போட்டுக்கொள். மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அப்பா போன் பண்ணினால் எடு, பேசு, பெற்றவர்தான். அழுதால் கேட்டுக்கொள். வீட்டுக்கு வாங்க என்று மட்டும் சொல்லிவிடாதே. பூட்டை மாற்றிவிட்டேன்.

உன் அம்மா,
இருதயமேரி