ராக்காயியின் புள்ளி

இலண்டன்
12.02.2024

அன்புள்ள ராணிக்கு,

இங்கே நலம். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? எங்கள் அம்மா ஹட்டன் கடையிலிருந்து கொடுத்துவிட்ட ஸ்வெட்டர் கிடைத்ததா?

என் ஆய்வு ஒரு வடிவத்துக்கு வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து மரணங்களைப் பற்றி வெள்ளைக்காரர் காலம் முதல் இன்றுவரை ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த செய்திகளையெல்லாம் ஒரே படமாக்குகிறேன். ஒரு மரணத்துக்கு ஒரு புள்ளி. செய்தியில் பெயர் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் சாம்பல். அன்று துரையின் குதிரை செத்தால் குதிரைக்குக்கூடப் பெயர் போட்டிருக்கிறார்கள். ஆற்றோடு போன நம் ஆள் வெறும் 'கூலி'. துரைமார் கப்பலேறிப் போன பிறகும் சாம்பல் குறையவில்லை, ராணி.

உன் அம்மாவைக் குளவி கொட்டியபோது கொழும்புப் பத்திரிகையில் வந்த செய்தி உன்னிடம் இருக்கிறதா? கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

உன்
கேஷிகா

டயகம
03.03.2024

அன்புள்ள கேஷி,

ஸ்வெட்டர் வந்தது. பாடசாலையில் வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே.

செய்தியை இத்துடன் வைத்திருக்கிறேன். 'கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் தொழிலாளி ஒருவர்' என்று எழுதியிருக்கிறார்கள். அனுதாபம் தெரிவித்த தோட்ட முகாமையாளருக்கு மட்டும் முழுப் பெயர். அன்று வாசித்துக் காட்டியபோது அப்பா, "செத்தது ராக்காயின்னு அவங்களுக்குத் தெரியாதா புள்ள? தொரை பேரு மட்டும் தெரிஞ்சிருக்கே" என்று கேட்டார். நீயும் அதைத்தான் கேட்கப் போகிறாய் என்று இப்போது அவரிடம் சொன்னேன். "அந்தப் புள்ள நல்லா இருக்கட்டும்" என்றார்.

அன்புடன்
ஜீவராணி

இலண்டன்
20.09.2024

என் ராணி,

கண்காட்சி திறந்துவிட்டது! சுவர் முழுக்க நம் படம்தான். புகைப்படமும், ஒரு பத்திரிகையில் வந்த என் பேட்டியும் அனுப்புகிறேன். உன் அம்மாவின் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன், பார். அதன் முன்னால் நின்று பலர் கண்கலங்கிப் போகிறார்கள்.

கேஷி

டயகம
14.10.2024

அன்புள்ள கேஷி,

புகைப்படத்தை அப்பா வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "இதுல எது ராக்காயி?" என்று கேட்டார். வட்டத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "சாம்பலாத்தானே இருக்கு. கேஷிப் பாப்பாவுக்குப் பேரு தெரியுமே. அவ கையால சோறு தின்ன புள்ளதானே?"

பத்திரிகை எழுதாததை நீ எழுதினால் உன் ஆதாரம் கெட்டுப்போகும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் படத்துக்குக் கீழே ஒரு வரிக்குக்கூடவா இடமில்லை?

பேட்டியையும் படித்தேன். உன் பெயர், பேராசிரியர் பெயர், வண்ணம் தேர்ந்து தந்த நண்பரின் பெயர் எல்லாம் இருக்கின்றன. பிறகு, 'செய்தியைத் தேடித் தந்தவர் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர்.' அந்த வரியை மட்டும் அப்பாவுக்குச் சொல்லவில்லை.

ஜீவராணி

இலண்டன்
02.11.2024

ராணி,

நிருபர் உன் பெயரைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இதற்குமேல் எந்தக் காரணமும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவின் பெயரைப் படத்துக்குக் கீழே எழுதி ஒட்டினேன். ஆனால் அதற்குள் கண்காட்சி முடியும் நேரம் வந்துவிட்டது. எத்தனை பேர் பார்த்திருப்பார்களோ தெரியாது.

திட்டியாவது எழுது.

கேஷி

ஹட்டன்
08.01.2025

ராணி,

உன்னிடமிருந்து பதில் வராததால் நேரிலேயே வந்தேன். நேற்று முதல் பஸ்ஸில் டயகம வந்து, உன் பாடசாலை வாசலில் நின்று, கேஷிகா வந்திருப்பதாகச் சொல்லி அனுப்பினேன். காவலாளி உள்ளே போய்விட்டு வந்து, "டீச்சர் இன்னைக்கு லீவுங்க" என்றார். பாவம், அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவருக்குப் பின்னாலிருந்த வகுப்பறையிலிருந்து உன் குரல் கேட்டது. பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு வரவு எடுத்துக்கொண்டிருந்தாய். வராத பிள்ளையின் பெயரைக்கூட இரண்டாம் முறை கூப்பிட்டாய்.

கடைசிப் பெயர்வரை நின்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

கேஷிகா