அலுமினியக் கழுத்தில் முறிந்த திருகாணி

4.8.1963, ஞாயிறு

எழுத்துகள் கோணலாக இருக்கின்றன. 'ழ' இன்னும் எனக்குப் பணியவில்லை. வரி கோட்டை விட்டு இறங்கி ஓடுகிறது. இந்தக் கொப்பியை நான் மட்டுமே வாசிக்கப்போகிறேன் என்றாலும், மன்னிக்கவேண்டும் என்று எனக்கே எழுதி வைக்கிறேன்.

அறுபத்தாறு வயதில் 'அப்புத்துரை' என்று நானே எழுதுகிறேன்! சித்திரையில் ஐந்து வீட்டாரும் சேர்ந்து நீர் இறைக்கும் மெசின் எடுத்தபோது, கூட்டுறவுச் சங்கத்துக் கடுதாசியில் மற்ற நால்வரும் பெருவிரல் வைத்தார்கள். நான் கையெழுத்து வைத்தேன். "அப்ப நீங்கள்தான் பொறுப்பு" என்றார் சங்கத்துக்காரர். அதையும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

இன்று முதல் என் முறை. வியாழன் காலையில் மெசின் இளையதம்பி வீட்டுக்குப் போகவேண்டும்.

5.8.1963, திங்கள்

முறிந்துபோச்சு.

காலையில் மெசின் இருமிக்கொண்டே நின்றது. காற்றும் மண்ணெண்ணெயும் சேர்ந்து உள்ளே போகிற அலுமினியக் கழுத்தில் அழுக்கு அடைத்திருக்கும் என்று கழற்றினேன். அதைக் காபரேற்றரோடு பிடித்திருப்பவை இரண்டு திருகாணிகள். ஒன்று சுகமாகக் கழன்றது. மற்றது அசையவே இல்லை. ஸ்பானரின் பிடியில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி இழுத்தேன்.

டக்.

தலை என் கையில். உடம்பு கழுத்துக்குள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு நெல்மணி அளவு. குறட்டால் பிடித்தால் வழுக்குகிறது. இது இல்லாமல் பூட்டினால் இடையில் காற்று இழுக்கும், மெசின் ஓடாது.

ஏன் இழுத்தாய்? மாட்டைக்கூட இப்படி இழுக்கமாட்டாயே!

வேலிக்கு அப்பால் இளையதம்பியின் மிளகாய் பூத்து நிற்கிறது. இந்தப் போகத்துக்கு அவனிடம் வேறு பயிர் இல்லை. சோளகக் காற்று மண்ணை வறுக்கிறது. வியாழனும் தண்ணீர் இல்லையென்றால் பூ முழுவதும் கொட்டிவிடும்.

பின்னேரம் வேலியில் நின்று கேட்டான்: "அப்புத்துரையண்ணை, மெசின்ரை சத்தத்தைக் காணேல்லை?"

"பிளக்கிலை ஊத்தை. துடைக்கிறன்."

பொய். அவன் ஏனோ மேலே ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

6.8.1963, செவ்வாய்

கழுத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு கொல்லன் சிற்றம்பலத்திடம் போனேன்.

"இவ்வளவுதானோ? சிவக்கக் காய்ச்சினால் இளகும். கொண்டாங்கோ" என்று குறட்டால் தூக்கித் தணலுக்கு மேலே பிடித்தான். எனக்கு மூச்சு வந்தது.

முல்லைத்தீவிலிருந்து மிளகாய் வாங்க வருகிற ஜமால்தீன், லொறிக் கொழுக்கி ஒன்றை அடிப்பிக்க அங்கே நின்றார். பாய்ந்து வந்தார்.

"எடுங்கோ, எடுங்கோ! இது அலுமினியம், சிவக்காது. இப்ப சிவக்கும், இப்ப சிவக்கும் எண்டு பார்த்துக்கொண்டிருக்க, கஞ்சியா வடிஞ்சிடும். என்ரை லொறிச் சாமான் ஒண்டு அப்பிடித்தான் போனது."

"நாப்பது வருசம் நெருப்போடை இருக்கிறன். எனக்குப் படிப்பிக்கிறியளோ?"

"நெருப்பு உங்களுக்குத் தெரியும், சிற்றம்பலம். இந்தச் சாமான் தெரியாது."

நான் கழுத்தைப் பறித்தேன். விரல் சுட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்?

ஜமால்தீன் தேயிலைப் பெட்டியின் மட்டையைக் கிழித்து எழுதினார். "வாசிப்பியளோ, அப்பு?"

"வாசிப்பன்!" கொஞ்சம் கூடுதலாகவே சத்தம் போட்டுவிட்டேன்.

வரும் வழியில் மரநிழலில் இருந்து எழுத்துக் கூட்டினேன். 'கொதி தண்ணியில் அரை மணித்தியாலம். எடுத்த சூட்டோடு தேன்மெழுகு. நீட்டுத் துண்டை இரு பக்கமும் அராவிப் பிடி. முதலில் இறுக்கு, பிறகு தளர்த்து. மயிரிழை மயிரிழையாக. அவசரம் வேண்டாம்.'

பயத்துக்கு நடுவிலும் ஒரு சந்தோஷம். எனக்கென்று ஒருவர் எழுதித் தந்த முதல் கடுதாசி இது.

7.8.1963, புதன்

என் மனைவி கதிராசி முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். நான் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"இஞ்சாருங்கோ, ரெண்டு நாளா எதையோ துணியிலை சுத்தி ஒளிக்கிறியள். பிள்ளை பெத்தனீங்களோ? கொண்டாங்கோ பாப்பம்."

சொன்னேன். திட்டவில்லை. "என்ரை நெல்லுக்குள்ளை மண்ணெண்ணெய் மணக்கக்கூடாது" என்று அவித்த நெல்லைக் கொட்டி, ஒரு பழைய பானையை ஏற்றித் தந்தாள்.

கழுத்துத் தண்ணீருக்குள் கொதித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு மணம். கதிராசி மூக்கைச் சுளித்தாள். "இதென்ன, தோணி மணக்குது?"

எடுத்தேன். மெழுகை வைத்ததும் உருகி உள்ளே இறங்கியது. இரு பக்கமும் அராவி வைத்திருந்த துண்டைக் குறட்டால் பிடித்து முதலில் இறுக்கினேன். அசையவில்லை. தளர்த்தினேன். இல்லை. ஆறியது. திரும்பப் பானைக்குள். கை வியர்த்து வழுக்கியது. இந்த நெல்மணியும் முறிந்தால் பிடிக்க ஒன்றுமே இல்லை. அந்தக் கையெழுத்தை வைக்காமல் இருந்திருக்கலாமே என்றும் நினைத்தேன். முதல் தடவையாக.

நாலாவது தடவை — ஒரு மயிரிழை. திரும்பவும் இறுக்கு. தளர்த்து. கால் சுற்று. அரைச் சுற்று.

வந்துவிட்டது! புரி முழுக்கக் கறுப்பாய், பிசினாய் ஏதோ. முகர்ந்து பார்த்தேன். குங்கிலியம்.

தோணியின் நீக்கலை அடைக்கிற குங்கிலியம் மெசினுக்குள் எப்படி வந்தது?

8.8.1963, வியாழன்

சைக்கிள் கடையில் அதே அளவுத் திருகாணி கிடைத்தது. விடியவே பூட்டினேன். ஓடுகிறது, இருமல் இல்லை.

இளையதம்பி வந்தான். மூன்று நாள் ஒளித்ததைச் சொல்லிவிட்டு, முறிந்த ஆணியை அவன் கையில் வைத்தேன். ஏசுவான் என்று நின்றேன். அவன் அதை முகர்ந்தான். முகம் கறுத்தது.

"போன முறை காத்து இழுத்தது, அண்ணை. எங்கடை அப்பாவின்ரை தோணிக்கு வைக்கிற மாதிரிக் குங்கிலியம் காய்ச்சி வைச்சிட்டன். பிறகு கழட்டப் பார்த்தால் ஏலேல்லை. சொல்லப் பயந்து அப்பிடியே அடுத்த வீட்டுக்குக் குடுத்திட்டன்."

"அதுதான் அண்டைக்கு வேலியிலை ஒண்டும் கேளாமல் போனியோ?"

"நீங்கள் பிளக் எண்டதும் எனக்கு உயிர் வந்தது."

கதிராசி குசினி அடுப்படியிலிருந்து சிரித்தாள். "ரெண்டு வீரர்!"

இளையதம்பி என் கொப்பியைப் பார்த்துவிட்டு, தான் சொன்னதையும் இதில் எழுதச் சொன்னான். 'குங்கிலியம் வைத்தது நான்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன். பானைக் கரியில் பெருவிரலைத் தேய்த்து, கீழே அழுத்தினான். பிறகு விரலைத் துடைக்காமல், என் எழுத்தையும் தன் கரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அண்ணை, 'இ' எப்பிடி எழுதுறது?"

இப்போது வேலிக்கு அப்பால் மெசின் சத்தம். மிளகாய்ப் பாத்தியில் தண்ணீர் ஓடுகிறது. அடுத்த கிழமையும் எழுதவேண்டும். 'ழ' கொஞ்சம் நேராகியிருக்கிறது.