ஆறு கேன் தண்ணீர்

மார்ச் 3, திங்கள், காலை 9.40

சனிக்கிழமை ஒரே ஷிப்டில் ஃபேக்டரியின் மூன்றாவது லைனின் பதினெட்டுப் பேர் கழிவறைக்கென்று இருக்கையை விட்டு எழுந்தது 93 தடவை. நானே நின்று எண்ணினேன். பாதிக்கு மேல் வெட்டி நடை. இன்று முதல் ஷிப்டுக்கு ஆளுக்கு இரண்டு டோக்கன்; ஒரு தடவை எழ ஒன்று. டோக்கன் போடாமல் எழுந்தால் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரியும். வயரிங்கூட என்னுடையதுதான். மேனேஜருக்கு ஏக குஷி.

பேக்கிங் அக்கா கேட்டார்: "ஏன் தம்பி, அப்படியே எங்க வயித்துக்கும் ஒரு சுவிட்ச் வச்சுக் குடுத்துடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மார்ச் 7

இன்று எழுந்தது 31 தடவைதான்!

மார்ச் 12

எனக்கு 'டோக்கன்' என்று பட்டப்பெயராம். மெக்கானிக் அண்ணன் சொன்னார். வைத்துக்கொள்ளட்டும்.

மார்ச் 18

தண்ணீர் கேன் போடுபவர் நான்கு கேனைத் திறக்காமலே திருப்பி எடுத்துப் போனார். "தெனம் ஆறு காலியாகும் சார். இப்ப ரெண்டைத் தாண்ட மாட்டேங்குது."

வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஷெட்டுக்குள் 38 டிகிரி. தண்ணீர் எப்படிக் குறையும்? முன்பு வீணாக்கினார்களோ?

மார்ச் 20

பேக்கிங் அக்கா மூன்று நாளாக வரவில்லை.

மார்ச் 22

ஆஸ்பத்திரி. அக்காவுக்குச் சிறுநீரகத்தில் தொற்று, விடாத காய்ச்சல். கையில் டிரிப்ஸ்.

"குடிச்சாத்தானே எந்திரிக்கணும்? அதான் லைன்ல யாரும் குடிக்கிறதே இல்ல. நம்ம லேபிள் ஒட்டுற புள்ள மாசமா இருக்கால்ல, என் டோக்கன் ரெண்டையும் அவகிட்ட குடுத்துட்டேன்."

முழு ஷிப்ட். ஒரு தடவைகூட எழாமல். என் தாளில் அது 'முன்னேற்றம்'.

அக்கா சிரித்தார்: "இங்க பரவால்லப்பா. எத்தன தடவ போனாலும் லைட்டு எரியல."

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். என்ன பண்ணித் தொலைச்சிருக்கேன் நான்? கேன்காரர் நேராச் சொன்னாரே — அப்பவாவது உறைச்சுதா? படிச்சு என்ன கிழிச்சேன்?

மார்ச் 24, திங்கள், காலை 6.50

லைன் ஓட இன்னும் பத்து நிமிடம்.

1. சிவப்பு விளக்கு வயரைக் கழற்றுவது. கழற்றிய பிறகு மேனேஜரிடம் சொல்வது.
2. அறிக்கையில் 31க்குப் பக்கத்தில் கேன் எண்ணிக்கையையும் அக்காவின் நோயையும் எழுதுவது. வேலை போனால் போகட்டும்.
3. லேபிள் ஒட்டும் பெண்ணின் இருக்கையைக் கழிவறைப் பக்கம் மாற்றுவது. முதலில் அவளைக் கேட்பது.
4. கேன்காரரை ஆறு கேனையும் இறக்கச் சொல்வது.
5. தினமும் சாயங்காலம் காலி கேன்களை எண்ணுவது. ஆறு வரும்வரை.