மூன்று மணிக்குச் சொல்ல வேண்டியது

ராகவி அப்பா,

சோறும் பருப்பும் குசினியில் இருக்கிறது. மூன்று மணிக்கு எலும்பு மூட்டு பார்க்கிற கைரோபிராக்டரிடம் போக வேண்டும். நீங்கள் கார் ஓட வேண்டாம், ராகவி வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

நேற்று நான் கத்தினதுக்குக் கோபிக்காதேங்கோ. போனமுறை தோள் எப்படி என்று அந்த டொக்டர் பிள்ளை கேட்க, "நோ பெயின், வெரி குட்" என்று சிரித்தீர்கள். அவவும் நம்பி, இனி மாதம் ஒருக்கால் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டா.

நேற்று நீங்கள் சட்டைக்குள் கை போட முடியாமல் அழுததை அறை வாசலில் நின்று பார்த்தேன். இன்றைக்காவது நோகுது என்று சொல்லுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

வதனி

பி.கு: சொல்ல வாய் வராவிட்டால் இந்தத் தாளின் பின்பக்கத்தைக் காட்டுங்கோ. நோகிற இடமெல்லாம் இங்கிலிஷில் எழுதியிருக்கிறேன். எனக்கும் ஒளித்த இடங்களை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.