ஸ்வீட்டியிடம் சொல்லாமல் விட்டது

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் மழை இல்லை. மாரிகுப்பம் ரயில் வண்டியும் அதிசயமாக நேரத்துக்குக் கிளம்பியது. கோரமண்டல் ஸ்டேஷனில் எங்கள் ஆபீஸ் ஸ்வீட்டி ஏறினாள். பக்கத்து இருக்கையில் வைத்திருந்த பையை எடுத்து அவளுக்கு இடம் விட்டேன். பங்காரப்பேட்டை வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

ஒயிட்ஃபீல்டு ஆபீசில் மீட்டிங். நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரி சர்வர்களின் பொதுக் கணக்குகள் எல்லாம் இனி வால்ட்டுக்குள் போக வேண்டுமாம். வால்ட் என்றால் கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் ஒரு மென்பொருள். வேண்டியவர் காரணம் எழுதிக் கேட்க வேண்டும், எடுத்து வேலையை முடிக்க வேண்டும். முடித்ததும் வால்ட் தானே கடவுச்சொல்லை மாற்றிவிடும். நல்ல விஷயம்தான். நானே போன வருஷம் மேனேஜர் வால்டர் சாரிடம் சொன்னதுதான்.

அந்தப் பொறுப்பு எனக்குத்தான் வரும் என்று நினைத்துப் பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

"ஸ்வீட்டி லீட் பண்ணுவாங்க. வினோலியா, நீங்க அவங்களுக்கு வேண்டியதெல்லாம் குடுத்துருங்க" என்றார் சார்.

குடுத்துருங்க! பதினான்கு வருஷமாகத் தலையில் சுமந்ததை, கொத்துமல்லிக் கட்டு மாதிரி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வண்டியில் "அக்கா, உங்களுக்குக் கோவமா?" என்றாள். "எனக்கு இன்னா கோவம்?" என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இன்று பொதுக் கணக்குகளை ஸ்வீட்டியிடம் ஒப்படைத்தேன். ஒரே பெயரில் நாலைந்து பேர் நுழையும் கணக்குகள் இவை. கடவுச்சொல் மறந்தால் எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோயிலில் பாட்டுக்கு நடுவில் கூப்பிட்டிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் ஃப்ரெடியின் தங்கை கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிட்டிருக்கிறார்கள். "உன்ன வுட்டா அந்தக் கம்பெனியில ஆளே இல்லியா?" என்று ஃப்ரெடி பேஜாராகி எத்தனை தடவை கத்தியிருக்கிறார். நானும் சலித்துக்கொள்வேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு அது பிடிக்கும். இதைத் தவிர வேறு எங்கே எழுத?

நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் தட்டினாள். கண் திரையில், விரல் தானாக ஓடுகிறது. யார் யார் எடுக்கலாம், யார் அனுமதிக்க வேண்டும், எப்போது மாற வேண்டும் என்று தானாகவே பிரித்துப் போட்டாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள்?

வால்டர் சார் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "எக்சலெண்ட்" என்றார். என்னிடம் அவர் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. "பரவாயில்ல" என்பார்.

இவளை இங்கே கொண்டுவந்ததே நான். அவள் பயோடேட்டாவை என் பையில் வைத்து, சாரிடம் இரண்டு முறை ஞாபகப்படுத்தி வாங்கிக்கொடுத்த வேலை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பூசை முடிந்ததும் ஸ்வீட்டியின் அம்மா பியூலா அக்கா கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லா ஆஸ்பத்திரி பூட்டும் இனிமே எம் பொண்ணு கையிலதானாமே? எல்லாம் உன்னாலதான் வினோலியா. மாதா உன்ன நல்லா வெக்கணும்."

நாலு பேர் கேட்கும்படி சொன்னார். நானும் சிரித்தேன். முகம் வலித்தது.

வீட்டில் ஃப்ரெடி வேறு. "நீதான சேத்துவுட்ட? சந்தோஷப்படு."

"சந்தோஷமாதான் இருக்கேன்" என்று சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ரசத்தைத் தானே ஊற்றிக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒன்று பார்த்தேன்.

எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவான லேப் கணக்கின் கடவுச்சொல்லை வெள்ளிக்கிழமை இரவு வால்ட் தானாக மாற்றும்படி ஸ்வீட்டி வைத்திருக்கிறாள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை லேபிலிருந்து வார்டுக்கு அனுப்பும் பழைய புரோகிராம் ஒன்று உண்டு. அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வால்ட் மாற்றியது அதற்குத் தெரியாது. பழையதைக் கொண்டே திரும்பத் திரும்பத் தட்டும். கடைசியில் கணக்கே பூட்டிக்கொள்ளும். ரிப்போர்ட் எங்கும் போகாது.

ஸ்வீட்டி அதை மறந்திருக்கிறாள். அவள் சேர்ந்த புதிதில் வண்டியில் ஒருமுறை பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். சொன்னேன்தானே? மறந்தது அவள். அது என் தப்பா?

நாளைக்கு வண்டியில் சொன்னால் போதும். ஒரு வார்த்தை.

ஆகஸ்ட் 21, வியாழன்

சொல்ல வாயெடுத்தேன். அப்போது பார்த்து அவள் போனைக் காட்டினாள். அடுத்த மாதம் ஐதராபாத் ஆபீசில் வால்ட் பற்றிப் பேச அவளைத்தான் அனுப்புகிறார்களாம். விமானத்தில். "ஃபர்ஸ்ட் டைம்க்கா! இன்னா டிரெஸ் போடட்டும்?"

"நீலம் போடு. உனக்கு எடுப்பா இருக்கும்" என்றேன்.

அதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. என்னை யாரும் எங்கேயும் பேசக் கூப்பிட்டதில்லை. வயிறு எரியுது. ஆமா, எரியுது. எழுதிட்டேன் போ.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

காலையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் ஸ்வீட்டி. முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. சோப்பு நுரையோடு நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கடவுளே, இருந்தது.

மூன்றாவதாக எடுத்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, எந்த ஆஸ்பத்திரியிலயும் லேப் ரிப்போர்ட் போகல. கோலார்ல ஒருத்தர ஆபரேஷன் டேபிள்ல படுக்க வெச்சிகினு ரத்த ரிப்போர்ட்டுக்காகக் காத்துனுகிறாங்க. அந்த சிஸ்டர் கத்தறாங்கக்கா. எனக்கு ஒண்ணும் புரியல."

ஆபரேஷன் டேபிள். என் கணக்கில் அது இல்லவே இல்லை. நான் நினைத்துப் பார்த்ததெல்லாம் வால்டர் சாரின் முகமும், அவள் முகமும்தான்.

ஈரக்கையோடு லேப்டாப்பைத் திறந்தேன். வால்ட்டில் கேட்டு வாங்கி, பூட்டிய கணக்கைத் திறந்து, புதுக் கடவுச்சொல்லைப் புரோகிராமுக்குள் போட்டேன். ரிப்போர்ட்டுகள் வரிசையாகப் போக ஆரம்பித்தன. லேப் பையன்கள் அதுவரைக்கும் காகிதத்தில் எழுதிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார்கள். கோலாரில் அந்த மனிதருக்கு ஆபரேஷன் தாமதமாக நடந்தது. பிழைத்துக்கொண்டார். சிஸ்டரிடம் நானே போன் போட்டுக் கேட்டேன். பெயர் சின்னசாமியாம்.

வால்டர் சாரிடமிருந்து செய்தி. "நீங்க இல்லன்னா இன்னிக்கு அவ்ளோதான்."

இதைக் கேட்கத்தானே ஆசைப்பட்டாய்?

ஆகஸ்ட் 25, திங்கள்

மீட்டிங்கில் ஸ்வீட்டி எழுந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"என் மிஸ்டேக் சார். அந்த லேப் புரோகிராம் பத்தி வினோலியா அக்கா எனக்கு முன்னாடியே சொல்லியிருக்காங்க. நான்தான் மறந்துட்டேன். அக்கா மேல ஒண்ணும் இல்ல."

என் மனசுக்குள் நான் ஒளித்து வைத்திருந்த சாக்கை, அவளே எடுத்து எல்லோர் முன்னாலும் எனக்காக வைக்கிறாள். நிஜமாக நம்பிச் சொல்கிறாள்.

வால்ட் பொறுப்பு இனி எனக்கு. ஐதராபாத்துக்கும் நான்தான். எல்லோரும் கை கொடுத்தார்கள். ஸ்வீட்டியும் கொடுத்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது.



ஆகஸ்ட் 26, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சாயங்கால வண்டி. மாலூர் தாண்டியதும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னேன். "புதன்கிழமையே எனக்குத் தெரியும் ஸ்வீட்டி. வெள்ளிக்கிழமை மாறப்போகுது, நின்னுடும்னு தெரியும்."

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "எது தெரியும்?" என்றாள். பிறகு புரிந்தது.

"தெரிஞ்சே இருந்தீங்களா? வியாழக்கிழம நான் உங்ககிட்ட டிரெஸ் கேட்டுகினு இருந்தேனே, அப்பவுமா?"

"அப்பவும்."

"அங்க ஒரு மனுசன் படுத்துகினு இருந்தாருக்கா!" எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் இன்னாக்கா பண்ணேன் உங்களுக்கு?"

"நீ ஒண்ணும் பண்ணல. உன்னப் பாத்தா எனக்கு வயிறு எரியுதுடி. அவ்ளோதான். வேற காரணம் இருந்தா சொல்லமாட்டேனா?"

அவள் எழுந்துபோய்க் கதவருகே நின்றாள். பங்காரப்பேட்டையில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறிவிட்டாள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

நேற்று விநாயகர் சதுர்த்தி, லீவு. நாள் முழுக்க ஃப்ரெடியிடம் சொல்லவா வேண்டாமா என்று இருந்து, கடைசியில் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "ஆபீஸ்ல சொல்ட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

இன்று வால்டர் சாரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏன் இப்ப சொல்றீங்க? யாருக்குமே தெரியாதே" என்றார். "அந்தப் பொண்ணு எழுந்து நின்னாளே சார்" என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

எழுத்தில் எச்சரிக்கை. பொறுப்பு திரும்பவும் ஸ்வீட்டிக்கு. வால்ட்டில் எதை எடுக்க வேண்டுமானாலும் இனி நான் அவளிடம் அனுமதி கேட்க வேண்டும். வேலை போகவில்லை, அதுவே பெரிது.

ஆபீசில் எதிரே வந்தாள். "குட் மார்னிங் மேடம்" என்றாள்.

மேடம்.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். கோயிலில் பியூலா அக்கா என்னைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் சொல்லியிருப்பாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்?

செப்டம்பர் 18, வியாழன்

ஐதராபாத்திலிருந்து போட்டோ வந்தது, ஆபீஸ் குழுவில். மேடையில் மைக்கோடு நிற்கிறாள். நீல உடை இல்லை, மஞ்சள். அழகாகத்தான் இருந்தது. எல்லோரும் வாழ்த்து போட்டார்கள். நானும் போட்டேன், பிறகு போனைக் கவிழ்த்து வைத்தேன். இவ்வளவு நடந்தும் இந்த எரிச்சல் போகவில்லையே. இது எப்போதுதான் போகும்? போகவே போகாதோ?

அக்டோபர் 6, திங்கள்

இன்று மருந்தகச் சர்வருக்குள் போக வேண்டியிருந்தது. காரணம் எழுதி அனுப்பினேன். உடனே அனுமதி வந்தது. ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 13, திங்கள்

மதியத்துக்கு முன் ஸ்வீட்டி லேப்டாப்போடு என் மேசைக்கு வந்தாள். நின்றபடியே பேசினாள்.

"மேடம், மருந்தகக் கணக்கையும் இந்த வாரம் வால்ட்டுல போடறோம். பாஸ்வேர்டு மாறினா எங்கெங்க நிக்கும்? உங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வேணும்."

சாரிடம் கேட்டிருக்கலாம். பழைய கோப்புகளைத் துழாவியிருக்கலாம். என்னிடம் வந்திருக்கிறாள்.

சொல்ல ஆரம்பித்தேன். பில் போடும் இடம், ஸ்டாக் கணக்கு, கோலார் கவுண்டரில் யாரோ எப்போதோ தனியாக ஓடவிட்ட ஒரு சின்ன புரோகிராம். அதெல்லாம் எங்கேயும் எழுதியிருக்காது. அவள் தட்டிக்கொண்டே வந்தாள். அதே வேகம், திரையை விட்டு எடுக்காத அதே கண். பார்க்கும்போது கொஞ்சம் எரிந்தது. எரியட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

கால் வலித்திருக்கும். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னும் இருக்கா மேடம்?"

"இருக்கு. எழுதிக்கோ."