கூரைத் துணியும் அரக்கும்

1926 ஜனவரி 4, திங்கள்

எங்கள் மோட்டார் வண்டியின் உள்கூரைத் துணி நடுவில் இரண்டேகால் அங்குலம் தொங்குகிறது. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். வலப்பக்கத்தில் மூன்று அங்குலம் இருக்கலாம். அங்கே அளவுகோல் நேராக நிற்கவில்லையாதலால் உறுதி கூற இயலாது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய வண்டி. சீமைக்குத் திரும்பிய தோட்டத் துரை ஒருவரிடம் வாங்கியது. வாங்குமுன் சக்கரம், விளக்கு, ஊதுகுழல் யாவற்றையும் சோதித்தேன். தலையை உயர்த்திப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

ஜனவரி 7, வியாழன்

இரண்டரை அங்குலம்.

ஜனவரி 10, ஞாயிறு

இன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் வீடு இருக்கும் காத்தோங்கிலிருந்து லூர்து மாதா கோயிலுக்குப் பூசை காண வந்தோம். கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். என் மனைவி பிரிஜட் இறங்கினாள். அவளுடன் கூரைத் துணியும் இறங்கியது. அவளுடைய கொண்டை ஊசி துணியில் மாட்டியிருந்ததை இருவருமே கவனிக்கவில்லை. மூன்று முழத் துணி தலையில் தொங்க, பன்னிரண்டு வருடத்துத் தூசி தோளில் உதிர, அவள் வாசற்படியில் நின்றாள்.

கோயில் பங்கு மக்களில் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும் அந்தோனியம்மாள் கேட்டார்: "என்னா பிரிஜட், புது முக்காடா? நல்லா நீளமாத்தான் எடுத்திருக்கே!"

பெண்கள் சிரித்தார்கள். நற்கருணை வாங்கும்போதும் ஒருத்தி சிரித்தாள்.

திரும்பும் வழியில் பிரிஜட் குடையை விரித்துத் துணியைத் தாங்கியபடி வந்தாள். வீட்டு வாசலில் சொன்னாள்: "திருவிழாவுக்குள்ள இதச் சரி பண்ணுங்க. இல்லேன்னா நான் தம்பி வண்டியில போறேன். நீங்க தனியா வாங்க."

லூர்து மாதா திருவிழா பிப்ரவரி 14. அவளுடைய தம்பி அலெக்சாண்டர் திறந்த வண்டி ஒன்றைப் புதிதாக வாங்கியிருக்கிறான். மனைவி அவன் வண்டியில் முன்னே போக, நான் காலி வண்டியில் பின்னே போவதா? பங்கு முழுவதும் பார்க்குமே. என்ன நினைப்பார்கள்? என்ன நினைக்க மாட்டார்கள்!

ஜனவரி 13, புதன்

ஜாலான் புசார் தெருவில் வண்டிக் கூரையும் மெத்தையும் தைக்கும் அப்துல் கஃபாரைக் கண்டேன். நாகூர்க்காரர். வேலைக்கு முன் ஓர் ஒப்பந்தம் அவசியம் என்றேன். "எழுதிட்டு வாங்க வக்கீல் ஐயா" என்றார்.

ஜனவரி 18, திங்கள்

ஒப்பந்தம் பதினான்கு பிரிவுகளில் முடிந்தது. எதிர்பாராத சேதம் ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துத் தடுத்திருக்கிறேன். திருப்தியாக இருக்கிறது.

ஜனவரி 19, செவ்வாய்

கஃபார் கடை வாசலில் நின்றபடி பதினான்கு பிரிவுகளையும் படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் விரல் விட்டு எண்ணினார்.

"ஆணி அடிக்கக் கூடாது, மேல் தோல்ல ஓட்டை விழும். பசை தடவக் கூடாது, அம்மாவுக்கு வாடை ஆகாது. துணியக் கழட்டக் கூடாது, கிழிஞ்சிடும். ஊசியும் ஆகாது. அப்போ நா என்னதான் வக்கீல் ஐயா செய்யணும்? வண்டிக்கு வெளியில நின்னு துஆ கேக்கவா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒப்பந்தத்தை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன். பத்தாம் பிரிவைத் தளர்த்தலாம்தான். ஆனால் பத்தைத் தளர்த்தினால் ஆறு தானாக விழும். ஆறு விழுந்தால் —

நானே செய்வேன்.

ஜனவரி 26, செவ்வாய்

ஒரு வாரமாக யோசித்து வழி கண்டேன். அலுவலகத்தில் பத்திரங்களை எதனால் மூடுகிறோம்? அரக்கால். ஆணி வேண்டாம், பசை வேண்டாம், ஊசி வேண்டாம். முப்பது வருடத்துப் பத்திரங்களில்கூட முத்திரை அசையாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இது பற்றிக் கஃபாருக்கு எதுவும் தெரியாததில் வியப்பில்லை. அவர் பத்திரம் எழுதுபவர் அல்லர்.

ஜனவரி 28, வியாழன்

நாற்பத்தோரு இடங்களில் அரக்கு உருக்கி வைத்துத் துணியை அழுத்தினேன். பழக்க தோஷத்தால் ஒவ்வொன்றிலும் அலுவலக முத்திரையையும் பதித்துவிட்டேன். கொட்டகை நிழலில் அங்குலமும் அசையவில்லை. தொங்கல்: இல்லை.

ஜனவரி 31, ஞாயிறு

இதையும் எழுதியாக வேண்டும்.

பூசைக்குப் போகும்போது பிரிஜட் அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லையே" என்றாள். அந்தச் சொல்லைக் கேட்டு நாளாயிற்று. பூசை முடிந்து வெகுநேரம் பேசிக்கொண்டு நின்றோம். வண்டி வெயிலில் நின்றது. கறுப்புக் கூரை. பதினோரு மணி வெயில். பத்திரங்கள் அலமாரிக்குள் இருக்கின்றன என்பதும், வண்டி அலமாரிக்குள் இல்லை என்பதும் அப்போது எனக்குத் தோன்றவில்லை.

காலாங் பாலத்தை நெருங்கும்போது முதல் சொட்டு அவள் பிடரியில் விழுந்தது. "ஐயோ, சுடுது!" என்று கத்தினாள். அடுத்தது வெள்ளைச் சேலையில். பிறகு கணக்கில்லை. எல்லாம் செக்கச்செவேலென்று.

பாலத்தருகே நின்ற பஞ்சாபிப் போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். அலறும் பெண், சிவந்த சேலை, பக்கத்தில் வியர்த்து வழியும் ஆண். இரத்தமா என்று மலாய் மொழியில் கேட்டார். ஆலோசனையின்றி எந்த வாக்குமூலமும் தரக் கூடாது என்று இருபது வருடமாகக் கட்சிக்காரர்களுக்குச் சொல்லி வருகிறேன். ஆகவே நானும் வாய் திறக்கவில்லை. அது அவருடைய சந்தேகத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை.

மேலும் விசாரிக்க அவர் தலையை வண்டிக்குள் நீட்டினார். நாற்பத்தோரு முத்திரைகளும் ஒன்றாகக் கைவிட்டன. துணி முழுவதும் அவர் தலைப்பாகை மேல் விழுந்தது.

துணிக்குள்ளிருந்து அவர் என்னவோ சொன்னார். பிரிஜட் மலாயில் பதில் சொன்னாள். தமிழில் அதன் கருத்து: "ரத்தம் இல்லைங்க, அரக்கு. இவரு வக்கீலு. பொண்டாட்டிக்கு முத்திரை வச்சுட்டாரு."

போலீஸ்காரர் துணிக்குள்ளேயே சிரித்தார். நெடுநேரம் சிரித்தார்.

வீடு வரை அவள் சேலையிலிருந்து அரக்கைச் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

பிப்ரவரி 1, திங்கள்

அலெக்சாண்டர் வந்தான். பிடரியில் வெண்ணெய் தடவிக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "மச்சான், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க லா. அக்காவ நானே கூட்டிட்டுப் போறேன். என் வண்டிக்குக் கூரையே கெடையாது" என்றான்.

ஆக, முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 3, புதன்

ஒப்பந்தம் இல்லாமல் கஃபாரிடம் போனேன். கை வெறுமையாக இருந்தது விசித்திரமாக இருந்தது. அவர் ஒன்றும் கேட்காமல் மிச்சம் தொங்கிய துணியை உருவினார். அது அரக்குக் கட்டிகளோடு முறுக்குபோல நொறுங்கி வந்தது. மேலே துணி அடித்து வைத்திருந்த மரச்சட்டங்களைத் தட்டினார். தூள் கொட்டியது.

"கரையான் வக்கீல் ஐயா. துணி மேல ஒரு குத்தமும் இல்ல. புடிச்சுக்க மரம் இல்லாம அது என்னா செய்யும்?"

சட்டம் மாற்றிப் புதுத் துணி இழுத்து ஆணி அடிக்க வேண்டும். மூன்று வாரம் ஆகும். திருவிழாவுக்கு ஆகாது. திருவிழா முடிந்ததும் வண்டியை விடுவேன்; அதுவரை வெறுங்கூரை.

பிப்ரவரி 12, வெள்ளி

மாலையில் பிரிஜட்டிடம் பேசினேன். "நடந்தவற்றில் என் பங்கு ஏதேனும் இருப்பதாகக் கருதப்படுமானால்" என்று தொடங்கினேன். அவள் பூக்கட்டுவதை நிறுத்திக் காத்திருந்தாள். "அந்த அளவுக்கு" என்றேன். மேலும் காத்திருந்தாள்.

"தப்பு என் பேர்லதான், பிரிஜட்" என்றேன்.

"என்னது? சரியா காதுல விழலை."

விழுந்திருந்தது. இருந்தாலும் மறுபடி சொன்னேன். நிபந்தனை எதுவும் சேர்க்கவில்லை.

"துணி எதுன்னு பாத்தாச்சா?" என்று கேட்டாள்.

"நீயே பார்."

பிப்ரவரி 14, ஞாயிறு

அலெக்சாண்டர் காலையிலேயே வண்டியைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். பிரிஜட் பட்டுச் சேலையில் வெளியே வந்தாள். அவன் கதவைத் திறந்தான். அவள் பூக்கூடைகளை அதில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, என் வண்டியில் ஏறினாள்.

"அக்கா! அப்ப நா எதுக்கு வந்தேன்?"

"பூவக் கொண்டு போறதுக்குடா. காத்துல பறக்கப் போகுது, மெதுவாப் போ."

மேலே வெளித்தோலும் எலும்புபோல் சட்டங்களும் மட்டும். வழியில் மழை பிடித்தது. வெறுங்கூரை செண்டைபோல் முழங்கியது. அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. நான் ஏதோ சொன்னேன், அவளுக்குக் கேட்கவில்லை. கோயில் வரை இப்படியே கத்திக்கொண்டு, சிரித்துக்கொண்டு போனோம்.

மார்ச் 5, வெள்ளி

வண்டி திரும்பி வந்தது. துணி இறுக்கமாக, நேராக இருக்கிறது. சாம்பல் நிறமாக இருக்குமென்று எண்ணியிருந்தேன். மஞ்சள் நிறத்தில், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இளஞ்சிவப்பு ரோஜாக்கள். "அம்மா ரெண்டு நாளா அரபுத் தெருவுல அலஞ்சு எடுத்தது" என்றார் கஃபார்.

மார்ச் 8, திங்கள்

நீதிமன்றத்துக்கு ரோஜாக்களின் கீழ் போனேன். எதிர்த்தரப்பு வக்கீல் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். "உங்கள் தேர்வா?" என்றார்.

ஆம் என்றேன்.