பதினான்கு மாதத்தில் நான்கு

உன் பேத்தி காலையில் வந்திருந்தாள்டா. போலீஸ் ஆளெடுப்பில் ஓட்டம், எழுத்துப் பரீட்சை எல்லாம் தேறிவிட்டாள். இனி அவளைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள், அப்புறம்தான் உத்தரவு. தெருவில் பைக் சத்தம் கேட்டால் போதும், எழுந்து எழுந்து பார்க்கிறாளாம்.

"நீங்க போலீஸ்ல சேந்தப்ப உத்தரவு வர எத்தினி மாசம் ஆச்சி தாத்தா?" என்று கேட்டாள்.

இதோ வருகிறேன் என்று உள்ளே வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்கு அடியில் நீ தைத்த காக்கி அரைக்கால்சட்டை கிடந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் ஒரு வருடம். எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த ஆளெடுப்புக்குள் வயது தாண்டிவிடும். பண்டசோழநல்லூரில் என் பெயரில் மூன்று பேர் இருந்ததால், கடிதம் தவறிவிடக் கூடாது என்று மதகடிப்பட்டில் இருந்த உன் தையல் கடை விலாசத்தைக் கொடுத்தேன். வாராவாரம் நாடாவைப் போட்டு என் மார்பை அளப்பாய். "மூச்ச இழுத்து நிறுத்துடா. இன்னும் அரை இஞ்சு, போலீஸ் செவப்புத் தொப்பி உனக்குத்தான்." வந்து நிற்பவர்களெல்லாம் சிரிப்பார்கள். நான் மட்டும் நாடாவையே பார்ப்பேன்.

அளவெடுப்பு, ஓட்டம், பரீட்சை, வைத்தியப் பரிசோதனை என்று மாதங்கள் ஓடின. கடைசியாக விசாரணைக்கு வந்த ஏட்டு நேராக உன் கடைக்கு வந்திருக்கிறார். சாயங்காலம் நான் வந்ததும் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"யார்னா கூட சண்டை சச்சரவு உண்டான்னு கேட்டாரு. உண்டுன்னேன்."

 அதற்கு முந்தின வருடம் செவ்வாய்ச் சந்தையில் ஒருவன், சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று அதைச் சுருட்டி உன் முகத்தில் எறிந்தான். நான் அவனை அறைந்தேன். ஸ்டேஷனில் பெயரை எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். கேஸ் இல்லை.

"அதையா சொன்ன?"

"எனக்காவ அடிச்சான், அதுக்கப்பறம் ஒருத்தர் மேலயும் கைய வச்சதில்லன்னும் சொன்னேன்."

"என் சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடா!"

"பொய் சொன்னா மாட்டிக்குவடா" என்றாய். நான் காது கொடுக்கவில்லை. அன்றைக்கு உன் கடைப் படி இறங்கியவன் நான்கு மாதம் ஏறவில்லை.

அந்த நான்கு மாதமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தபாலாபீசுக்குப் போய்விடுவேன். கடிதம் உன் கைக்குப் போகும் முன் நானே வாங்கிவிட வேண்டும் என்று வீம்பு. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரிப்பார். திரும்பும்போது உன் மிஷின் சத்தம் கேட்கும். தலையைக் குனிந்து மிதிப்பேன். ராத்திரி சோறு இறங்காது. உத்தரவு வரவே போவதில்லை, வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கரும்பைத்தான் வெட்டப்போகிறோம் என்று எனக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டேன். எல்லாம் உன்னால்தான் என்றும்.

எங்கள் துண்டு நிலத்துக்குத் தண்ணீர் முறை வந்த அன்று மட்டும் தபாலாபீசுக்குப் போகவில்லை. மத்தியானம் நீ வரப்பில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாய். பிரிக்காத உறையை நீட்டினாய். என் கையெல்லாம் சேறு, நீயே பிரித்துப் படித்தாய். உத்தரவுதான். அப்புறம் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தாய். "டிரெயினிங்குக்கு வேணுமாம். போன மாசமே தச்சிட்டேன், போட்டுப் பாரு."

மோட்டார் கொட்டகைக்குள் போய்ப் போட்டுப் பார்த்தேன். என் இடுப்பு உன் நோட்டில் முப்பது. கவலையில் கரைந்து இருபத்தெட்டுக்கு வந்திருந்தேன். கால்சட்டை அச்சாகப் பொருந்தியது.

"அளவெடுக்காம எப்பிடிடா?"

"தெனம் கடைய தாண்டித்தான போற? நீ திரும்பிப் பாக்கல. நான் பாத்தனே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேனே தவிர, உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

சில வருடம் கழித்து என்னையே அப்படி ஒரு விசாரணைக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன் ஸ்டேஷன் நோட்டைப் புரட்டச் சொன்னார்கள். பெயர் அதில் இருந்தால் தெரிந்துகொண்டேதான் கேட்பார்களாம், யார் மறைக்கிறார்கள் என்று பார்க்க.  தங்கமான பையன் என்று மட்டும் நீ சொல்லியிருந்தால் என் கதி என்ன? அன்றே உன் கடைக்கு வந்தேன். ரம்ஜான் துணிகளுக்கு நடுவே நிமிர்ந்து, "இன்னாடா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?" என்றாய். ஒன்றுமில்லை என்று டீ குடித்துவிட்டுப் போய்விட்டேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்றே வருடங்கள் போயின. நீயும் போய்விட்டாய்.

வெளியே பேத்தி கூப்பிட்டாள். கால்சட்டையை மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

"பத்து மாசம்மா" என்றேன்.

விரல்விட்டு எண்ணி, "அப்ப தையில வந்துடும்" என்று தெம்பாகப் போனாள்.

உண்மையில் எனக்குப் பதினான்கு மாதம். உன்னோடு பேசாத அந்த நான்கை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். மன்னிச்சிடுடா.